பொய்யாகத் தொடங்கும் காதல் கதைகள் நம்மை ஏன் இழுக்கின்றன?

கேள்வி
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியைச் சேர்ந்தவள் நான். எங்கள் ஊர் நூலகத்தில் மலையாள நூல்களுக்கு நடுவே தமிழுக்கென்று ஓர் அலமாரி உண்டு. அதன் மற்ற வரிசைகளில் தூசி படிந்திருக்க, குடும்ப நாவல் வரிசையில் மட்டும் புத்தகங்களின் முதுகு கிழிந்து, பசைத்தாள் ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே மறுபடியும் கிழிந்திருக்கும். அந்த வரிசையைத் தேய்த்தவர்களில் பெரும்பாலானோர் எங்கள் பெண்கள் வாசிப்பு வட்டத்தினர்தான். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு வகை நாவலை எடுத்துக்கொண்டு பேசுவது என்று முடிவாகி, தொடக்க உரை என் தலையில் விழுந்திருக்கிறது.

அந்த வகை இதுதான்: ஒன்றுக்கொன்று ஒத்தே வராத குணமுடைய ஓர் ஆணும் பெண்ணும், ஏதோ ஒரு தேவைக்காக, ஊருக்கு முன்னால் காதலர்களாகவோ நிச்சயம் ஆனவர்களாகவோ நடிக்க ஒப்புக்கொள்கிறார்கள். நடித்துக்கொண்டிருக்கும்போதே உண்மையில் காதலித்துவிடுகிறார்கள். ஆங்கில நாவல் படிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை ஃபேக் டேட்டிங் என்கிறார்கள். நம் இணைய நாவல்களில் இதன் உடன்பிறப்பு, கெடு வைத்து ஒப்பந்தமாகச் செய்துகொள்ளும் கான்ட்ராக்ட் கல்யாணம்.

முதல் அத்தியாயத்தைப் படித்தவுடனேயே கடைசி அத்தியாயம் தெரிந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பதில் எழுதியவருக்கும் சந்தேகமில்லை, படிப்பவருக்கும் சந்தேகமில்லை, அட்டைப்படம் வரைந்தவருக்குக்கூடச் சந்தேகமில்லை. அப்படியிருக்க, இரவில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு உட்கார்ந்து, விடியுமுன் பால் கறக்க எழவேண்டும் என்று தெரிந்தும், இன்னும் ஓர் அத்தியாயம், இன்னும் ஓர் அத்தியாயம் என்று விழித்திருக்க வைப்பது எது? எதிரெதிர்க் குணம் நம்மை இழுக்கிறதா, அல்லது அந்த நடிப்பா? டேட்டிங் என்பதே நம்மில் பலருடைய வாழ்க்கையில் இல்லாதபோது, இந்தக் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றாதது எப்படி? வட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், “கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்ள இவர்களுக்காவது ஒரு சாக்கு கிடைத்ததே” என்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளோ, தான் படிப்பது சண்டைக் காட்சிகளுக்காக மட்டுமே என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டும் எனக்கு உண்மையாகவே பட்டன. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் உரையைத் தயாரிக்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.


பதில் 1
எழுதியவர்: மீனாட்சிபுரம் தொடர்கதைக்காரி

அக்காவுக்கு வணக்கம். நான் கைப்பேசிச் செயலியில் தொடர்கதை எழுதுகிறவள். நீங்கள் சொல்லும் வகைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே எழுதுகிறவளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முடிவு தெரிந்திருப்பது இந்தக் கதைக்குக் குறையே இல்லை; அதன் மூலதனமே அதுதான். நாயகன் தான் நடிப்பை நிறுத்திவிட்டதை உணர்கிறான், ஆனால் அவள் இன்னும் நடிக்கிறாள் என்று நம்புகிறான். அவளும் அப்படியே அவனைப் பற்றி நம்புகிறாள். இருவரும் நடிக்கவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் வாசகர். இந்த ஒரு நிலையை எத்தனை அத்தியாயங்களுக்கு நீட்ட முடியும் என்பதில்தான் எழுத்தாளரின் திறமை இருக்கிறது. எந்த எபியில் (எபிசோடில்) இருவரும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லப் போய், யாரோ கதவைத் தட்டியதால் நிறுத்திவிடுகிறார்களோ, அந்த எபியின் கீழேதான் கமெண்டுகள் வந்து குவியும். பாதிப் பேர் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டியவர்கள்தான் அடுத்த எபிக்கு முதலில் வருவார்கள்.

அடுத்தது, நடிப்புக்குப் பார்வையாளர் வேண்டும். மேல்நாட்டு நாவலாசிரியர்கள் இந்தப் பார்வையாளர்களைத் திரட்டுவதற்குப் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள்: முன்னாள் காதலனின் திருமணம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கூடும் குடும்பம், அலுவலக விருந்து என்று வலிந்து ஒரு கூட்டத்தைக் கூட்டவேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் செலவே இல்லை. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் கொழிஞ்சாம்பாறைப் பேருந்து நிலையத்தில் சேர்ந்து நின்று ஒரு டீ குடித்தால் போதும், அவர்கள் குவளையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் செய்தி கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டியிருக்கும். டேட்டிங் நம் வாழ்க்கையில் இல்லை என்கிறீர்கள்; சரிதான். ஆனால் பார்க்கப்படுவது என்பது நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவே காரணம் என்பது என் கட்சி.

நான் இப்போது எழுதிவரும் தொடரில் ஒரு காட்சி. நாயகி பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரியின் மகள், வாய் ஓயாதவள். நாயகன் பாலக்காட்டு மலையாளி, வங்கி எழுத்தர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். அவளுடைய தாய்மாமா பார்க்கவேண்டும் என்பதற்காகப் பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் அமர்கிறார்கள். மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நாயகி கதை கதையாகப் பேசுகிறாள். அவன் ஒப்பந்தப்படி சிரிக்கிறான். கோபாலபுரத்தில் மாமா இறங்கிவிடுகிறார். அவரோடு பாதிப் பேருந்து இறங்கிவிடுகிறது. எதிர்ப்பக்கம் ஜன்னலோர இருக்கை காலியாக இருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள், அவனும் பார்க்கிறான், யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறாள், அவன் “அப்புறம்?” என்று கேட்கிறான். தொடர் தொடங்கியதிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. பார்ப்பவர் போன பிறகும் நடிப்பு நிற்காத அந்த இடத்தை எழுதுவதற்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடுகளும்.

எதிரெதிர்க் குணம் எதற்கு என்றால், வேலை கொடுப்பதற்கு. இருவரும் ஒரே மாதிரி இருந்தால் மனப்பாடம் செய்ய ஒன்றும் இருக்காது. சர்க்கரை போடாத கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிப்பவன் என்பதையும், மேடையில் பேசச் சொன்னால் வியர்த்துப் போகிறவன் என்பதையும், தங்கையின் படிப்புக் கடனைத் தான் அடைக்கிறவன் என்பதையும் அவள் பாடம் போலப் படித்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான், ஒருநாள் அவனைத் தன்னைவிட அறிந்தவர் யாருமில்லை என்ற நிலைக்கு வந்து சேர்கிறாள்.


பதில் 2
எழுதியவர்: வாளையாறு வழிப்போக்கர்

தினமும் எல்லை தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போய்வரும் உளவியல் மாணவன் நான். மாணவன் என்பது பழைய கதை, பழக்கம் மட்டும் விடவில்லை. ரயிலில் என் அருகில் அமர்பவர்கள் கைப்பேசியில் படிப்பதை எட்டிப் பார்த்து இந்த வகை நாவல்களுக்குள் வந்தவன். மேலே எழுதிய சகோதரியின் கருத்தில் ஒரு பாதியை ஏற்கிறேன், மறுபாதியை மறுக்கிறேன்.

மறுப்பது எதிரெதிர்க் குணத்தைப் பற்றியது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வின்ச் 1950களில் 25 தம்பதிகளை ஆராய்ந்து, ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்பும் விதமாகவே துணை தேடப்படுகிறது என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அடக்கி நடத்துபவருக்கு அடங்கி நடப்பவர் என்பது போல. கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதற்குத் துணை நிற்கவில்லை. 1960களில் டான் பர்ன் செய்த சோதனைகள் எளிமையானவை. ஒருவருடைய கருத்துகளை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு முன்பின் தெரியாத ஒருவர் நிரப்பியதாகச் சொல்லி ஒரு படிவத்தைக் காட்டுவார்கள். அப்படி ஒருவர் உண்மையில் இல்லை; படிவம் ஆய்வாளர்களே தயாரித்தது. அதில் தன் கருத்தோடு ஒத்துப்போகும் விடைகளின் விகிதம் கூடக் கூட, கண்ணால் பார்த்திராத அந்த மனிதரின் மீது பிடித்தமும் கூடியது. ஆக, மனிதர்கள் தம்மைப் போன்றவர்களையே விரும்புகிறார்கள். எதிரெதிர் ஈர்க்கும் என்பது காந்தத்துக்குப் பொருந்தும். அதைக் கல்யாணத்துக்கு நீட்டியது நாவலாசிரியர்களின் வசதி.

ஏற்பது நடிப்பைப் பற்றியது. 1997இல் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஒரு சோதனையில், அறிமுகமில்லாத இருவரை எதிரெதிரே அமரவைத்து, மேலோட்டமான கேள்விகளில் தொடங்கிப் படிப்படியாக அந்தரங்கமாகும் 36 கேள்விகளை முக்கால் மணி நேரத்தில் ஒருவரையொருவர் கேட்கச் செய்தார்கள். சும்மா ஊர்க்கதை பேசிய இணைகளைவிட இந்த இணைகள் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தன. ஃபேக் டேட்டிங் நாவலில், குடும்பத்தார் கேட்டால் சொல்லவேண்டும் என்பதற்காக இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒருவர் வாழ்க்கையை ஒருவர் மனப்பாடம் செய்யும் அத்தியாயம் ஒன்று தவறாமல் வருமல்லவா? அது கிட்டத்தட்ட இதே சோதனைதான். ஆகவே அங்கே காதல் பிறப்பது நம்பும்படியாக இருக்கிறது.

இப்போது ஒரு குறை. கேட்டவர் கான்ட்ராக்ட் கல்யாணத்தை ஃபேக் டேட்டிங்கின் உடன்பிறப்பு என்கிறார். எனக்கு அவை ஒரே குடும்பமாகத் தெரியவில்லை. நடிப்புக் காதலில் இருவருக்கும் வெளியே போகும் வழி சமமாகத் திறந்திருக்கிறது. யாருக்குப் பிடிக்காவிட்டாலும் மறுநாள் நிறுத்திவிடலாம். ஆங்கிலேயரின் பழைய காலத்தை வைத்து எழுதப்படும் சரித்திரக் காதல் நாவல்களில்கூட இந்தக் கணக்கு கவனமாகப் போடப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிச்சயத்தை ஆண் முறித்தால் அவனுடைய மானம் போகும்; பெண் நட்டஈடு கேட்டு வழக்கும் தொடுக்கலாம். அந்த வழக்குரிமை அங்கே 1971 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. அதனால் அந்த நாவல்களில், போலி நிச்சயம் செய்துகொள்ளும்போதே, விருந்துப் பருவம் முடிந்ததும் நீதான் என்னை வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று நாயகன் நாயகியிடம் பேசி வைத்துக்கொள்கிறான். சாவி அவள் கையில்.

நம் கான்ட்ராக்ட் கல்யாணக் கதைகளில் என்ன நடக்கிறது? முதல் எபியிலேயே தாலி கட்டியாகிவிடுகிறது. அவள் அவன் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய அப்பாவின் கடன் பத்திரம் அவன் பெட்டியில் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அனுப்பிவிடுவேன் என்று சொல்பவனும் அவன்தான். அவன் முரடனாக இருப்பதற்கு எதிர்க்குணம் என்று பெயர், அவள் பொறுத்துக்கொள்வதற்கும் எதிர்க்குணம் என்று பெயர். இதைப் பாட்டியின் உடல்நிலை, பரம்பரைச் சொத்து என்று எதைக் காரணம் காட்டி எழுதினாலும், பணம் உள்ளவன் பணம் இல்லாதவளை வாடகைக்கு எடுத்த கதையாகத்தான் எனக்குப் படுகிறது. கடைசி எபியில் அவன் கேட்கும் மன்னிப்பு இரண்டு பத்திகளுக்கு மேல் நீண்டு நான் பார்த்ததில்லை.


பதில் 3
எழுதியவர்: சித்தூர்ப் பழைய தமிழாசிரியர்

அன்புடையீர், வகுப்பறையை விட்டு வந்த பின்னும் பாடம் நடத்தும் வழக்கம் போகாத ஒருவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வாளையாறு வழிப்போக்கர், ஒத்தவரே ஒத்தவரை விரும்புவர் என்பதற்கு அமெரிக்கா வரை போனார். அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. தொல்காப்பியம் களவியலில் தலைவனும் தலைவியும் ஒத்தவர்களாக இருக்கவேண்டும் என்று விதித்து, மெய்ப்பாட்டியலில் அந்த ஒப்புமை எவை எவை என்று பத்தாக எண்ணியும் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமத்துக்கு வாயிலாகிய அன்பு, நிறை (மன அடக்கம்), அருள், உணர்வு, திரு. இவற்றைச் சற்றே பிரித்துப் பாருங்கள். பிறப்பும் குடியும் வயதும் உருவும் செல்வமும் ஊரார் கண்ணுக்குத் தெரிபவை. ஜாதகக்காரரும் தரகரும் எழுதிக்கொள்ளக் கூடியவை. நிறையும் அருளும் உணர்வும் பழகினால் மட்டுமே தெரிபவை. நல்ல எதிரெதிர்க் காதல் நாவல் ஒன்றைக் கையில் எடுத்து இந்தப் பத்தோடு ஒப்பிட்டால், முன்னவற்றில் இருவரையும் எட்டாத் தொலைவில் நிறுத்திவிட்டு, பின்னவற்றில் இருவரும் அச்சில் வார்த்தது போல ஒத்திருப்பதை அத்தியாயம் அத்தியாயமாக வெளிப்படுத்துவதே அதன் வேலை என்பது தெரியும். மீனாட்சிபுரத்து அம்மணியின் வங்கி எழுத்தனைப் பாருங்கள். அவன் பேசாதவன், அவள் ஓயாதவள். ஆனால் தங்கையின் கடனைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டவன் அவன் என்பது அவளுக்குத் தெரியவந்த இடத்தில், அவளும் அப்படிப்பட்ட ஒருத்தி என்பதை அந்த அம்மணி முன்பே எங்கோ எழுதிவைத்திருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். ஆக, வெளியே எதிர், உள்ளே ஒப்பு. ஆய்வும் பொய்க்கவில்லை, நாவலும் பொய்க்கவில்லை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. வணிக நாவல்கள் எதிர் என்று காட்டுவது பெரும்பாலும் செல்வத்தையும் சுபாவத்தையும்தான். பட்டியலின் தொடக்கத்தில் நிற்கும் பிறப்பையும் குடியையும் அவை தொடுவதில்லை. பணக்காரன், ஏழை, சிரிப்பவள், முறைப்பவன், அதோடு சரி. தமிழ்ப்பெண்ணுக்கும் மலையாளிப் பையனுக்கும் முடிச்சுப் போடும் எங்கள் எல்லையோரக் கதைகளில்கூட இரு வீட்டாரும் எந்தச் சாதி என்பது சொல்லாமலே விடப்பட்டு, மொழி ஒன்றே தடை என்பது போலக் கதை நடக்கிறது. இந்தப் பகுதியில் வாழும் எவருக்கும் எது பெரிய தடை என்று சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி, கேட்ட அம்மையாரின் முதல் கேள்விக்கு வருகிறேன். சங்க அகப்பாடல்களில் முதலில் களவு என்னும் மறைவான காதல், பிறகு அலர் என்னும் ஊர்ப்பேச்சு. இருவர் யாரும் அறியாமல் காதலிக்கிறார்கள். சேதி கசிந்து ஊர்ப்பெண்டிர் வாயில் விழுகிறது. அலர் மிகுந்த பின், வரைந்துகொள்ளும்படி, அதாவது மணந்துகொள்ளும்படி, தலைவன் நெருக்கப்படுகிறான். இந்த நாவல்களோ அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகின்றன. இங்கே அலர் முதலில் வருகிறது, அதுவும் இவர்களே வேண்டி விரும்பித் தூவியது. ஊர் முழுக்கக் காதல் என்று பேசும்போது இருவரிடமும் காதல் இல்லை. காதல் வந்த பிறகு அதை ஊரிடம் மறைக்கவேண்டியதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவர்தான் மறைக்கவேண்டியிருக்கிறது. ஊருக்குத் தெரிந்ததைத் தமக்குள் ஒளித்துவைக்கும் இந்த விசித்திரமான களவு, அலருக்கு அஞ்சியே இளமையைக் கழித்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு எவ்வளவு இனிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஊர்வாயைக் கண்டு நடுங்கியவள், இந்தக் கதையில் ஊர்வாயைக் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறாள்.

சண்டைக் காட்சிகளுக்காகவே படிப்பதாகச் சொன்ன அந்தக் கல்லூரிப் பெண்ணை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகைதான். 1330 குறள்களையும் ஊடலின் இன்பத்தில்தான் வள்ளுவர் முடித்திருக்கிறார். ஆனால் ஊடுவதற்கு உரிமை வேண்டும். நடிப்புக் காதலின் தனிச்சுவை, உரிமை வருமுன்பே ஊடல் வந்துவிடுவதில் இருக்கிறது. அவன் வேறொரு பெண்ணோடு நின்று சிரித்துப் பேசுகிறான், இவளுக்குச் சுருக்கென்கிறது, கேட்கப் போகிறாள், கேட்பதற்கு ஒப்பந்தத்தில் தனக்கு இடமில்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வருகிறது. “நம் நடிப்பைப் பார்க்க யாருமில்லாதபோது ஏன் கோபித்துக்கொண்டாய்?” என்று அவன் பின்னால் கேட்கும்போது அவளிடம் சொல்வதற்கு ஒரு பொய்கூட இல்லை. இந்த இக்கட்டைச் சங்கத் தலைவி அறியமாட்டாள். அவளுக்கு ஊடலும் உரிமையும் சேர்ந்தே வந்தன.

தம்பி எழுப்பிய சாவிக் கேள்வியில் அவர் பக்கம் நான். தாலி கட்டிய பின் நடிப்பு என்பது இல்லை. அவன் மட்டுமே எப்போது வேண்டுமானாலும் கலைத்துவிடக்கூடிய ஆட்டத்தில் அவள் நடிகையல்ல, சிக்கிக்கொண்டவள்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை வாசகி

மூவருக்கும் நன்றி. அலர் பற்றி ஐயா எழுதியதை வட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன். எங்கள் மூத்த உறுப்பினர் அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வார் என்பதை இப்போதே ஊகிக்க முடிகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் வாளையாறு தம்பியோடும் ஐயாவோடும் முழுக்க உடன்பட முடியவில்லை. கான்ட்ராக்ட் கல்யாணக் கதையில் சாவி அவன் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதைப் படிக்கும் பெண்கள் அதை அறியாமல் படிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் வாசகிகளை நேரில் சந்தித்துப் பேசி 1984இல் ஒரு நூல் எழுதினார். கதையில் என்ன இருக்கிறது என்பதோடு, புத்தகத்தைக் கையில் எடுப்பதே அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்றும் அவர் கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு எனக்கென்று நான் எடுத்துக்கொள்ளும் நேரம் என்பதே அவர்கள் தந்த விளக்கமாக இருந்தது. எங்கள் வட்டத்திலும் அப்படித்தான். பெண் பார்க்க வந்த நாளில் காபித் தட்டை நீட்டியபோது பார்த்த முகத்தோடு குடும்பம் நடத்தத் தொடங்கியவர்கள் நாங்கள். தாலிக்குப் பிறகுதான் அறிமுகம் என்பது எங்களுக்குக் கதையல்ல. கான்ட்ராக்ட் கல்யாண நாயகி, கணவனின் குணங்களைத் தவணை முறையில் கண்டுபிடித்து, கடைசியில் தானாகவே அவனைத் தேர்ந்தெடுக்கிறாள். கல்யாணம் ஆன பிறகு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒன்று வருவது எங்களுக்கு எவ்வளவு பெரிய கற்பனை என்பது, இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும் ஆட்டத்தை விரும்புகிறவர்களுக்கு எளிதில் புரியாது. முரட்டு நாயகனை நாங்களும் திட்டிக்கொண்டேதான் படிக்கிறோம்.

எங்கள் நூலகர் மலையாள வாசகர். இந்த வரிசையை, மலிவான காதல் கதைகளுக்கு மலையாளத்தில் வழங்கும் பைங்கிளி என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவார். கூட்டத்திற்கு அவரையும் அழைத்திருக்கிறேன்.

மீனாட்சிபுரம் தங்கைக்கு ஒரு கேள்வி: உங்கள் நாயகிக்கும் அப்படி ஒரு குடும்பப் பொறுப்பு உண்டு என்று ஐயா பந்தயம் கட்டியிருக்கிறாரே, உண்மையா?


பதில் 4
எழுதியவர்: மீனாட்சிபுரம் தொடர்கதைக்காரி

ஐயா பந்தயத்தில் வென்றுவிட்டார். அப்பாவின் கடையில் கணக்கு எழுதும் முதியவருக்குக் கண் மங்கிவிட்டது. அவரை வேலையை விட்டு அனுப்பாமல் இருப்பதற்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் பேரேட்டைத் திருத்தி வைப்பவள் அவள்தான். இது நாலாவது எபியில் வருகிறது. நாயகனுக்கு இன்னும் தெரியாது. வங்கிக்காரன் ஆயிற்றே, அந்தப் பேரேட்டில் இரண்டு கையெழுத்து இருப்பதை அவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாவி பற்றி வழிப்போக்கர் சொன்னதில் எனக்கு ஒரு பயன் கிடைத்தது. ஒப்பந்தம் எப்போது முடியும் என்பதை என் தொடரில் இதுவரை யாரும் பேசவில்லை. ஐப்பசியில் மாமா மகளின் கல்யாணம் முடிந்ததும் முறித்துக்கொள்ளலாம், முறிப்பது நீயாக இருக்கட்டும், பழி என் மேல் வரட்டும் என்று அவன் சொல்வதாக அடுத்த யூடியில் (அப்டேட்டில்) எழுதப்போகிறேன். அவள் அதற்குச் சரி என்று சொல்வாள். சொல்லிவிட்டு, அந்தக் கல்யாணத் தேதி தள்ளிப்போக என்ன வழி என்று யோசிக்கத் தொடங்குவாள். கமெண்டில் திட்டுவதற்கு எல்லோரும் தயாராக இருங்கள்.